முப்பத்தாறு யன்னல் வீடு

1

போன கிழமை கொழும்பிலிருந்து துளசியின் கடிதம் வந்தது. துளசி என் தங்கை வசந்தியின் மகள். எட்டு வயது. கொப்பித் தாளில் பென்சிலால் கோடு தாண்டாமல் எழுதுகிற பிள்ளை. எங்கள் சுகத்தை விசாரித்து, லண்டன் மழையையும் விசாரித்துவிட்டு, நான்காவது வரியில் கேட்டிருந்தாள்:

"மாமா, உங்கட வீட்டை அரசாங்கம் திருப்பித் தந்திட்டுதோ?"

கடிதத்தில் அதற்குப் பிறகும் ஒரு பக்கம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மகன் கஜனுக்கு ஒன்பது வயது. மூன்று வருடமாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான். இதுவரை ஆய்த எழுத்தோடு மட்டும்தான் அவனுக்கு உண்மையான சிநேகம். மூன்று புள்ளி வைத்தால் வேலை முடிந்தது என்கிறான். ஆகவே கடிதத்தை நானே வாசித்துக் காட்டினேன். எந்த வீடு என்று கேட்டான். அல்பத்தைத் திறந்து, அந்தப் பழைய படத்தைக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தான்.

"அப்பா, இது மியூசியம். செவ்வாய்க்கிழமை ஸ்கூலால கூட்டிக்கொண்டு போனவை," என்றான், ஆங்கிலத்தில். பிறகு என் முகத்தைப் பார்த்து, "துளசி ஏன் இது எங்கட வீடு எண்டு நினைக்கிறா?" என்றும் கேட்டான்.

நியாயமான கேள்வி. பன்னிரண்டு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இருந்தாலும் இதை வாசிக்கிறவர்களில் எங்கள் பகுதி ஆட்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து வசந்தியின் மாமியார் காதில் போட்டுவிட வேண்டாம்.

2

நான் லண்டனுக்கு வந்தது எண்பத்தைந்தில். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய இளைஞன் முதலில் செய்யும் வேலை, கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது. வேலை தேடுவது, வழக்கறிஞரைத் தேடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். மனோர் பார்க்கில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பதினொரு பேர் இருந்தோம். பதினொரு பேருக்கும் பொதுவாக ஒரு நல்ல கோட்டு இருந்தது. சாம்பல் நிறம். அந்தக் கோட்டு பதினொரு தாய்மாரின் சாமியறைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரே ஊர்க்காரர் இருவர் அதை ஒரே மாதத்தில் போட்டுப் படம் அனுப்பி, பெரிய தலைகுனிவாகிப் போனதும் உண்டு.

கோட்டுக்கு அடுத்தது பின்னணி. அநேகமானோர் தெருவில் நிற்கும் யாரோ ஒருவரின் காரில் சாய்ந்துகொண்டு எடுப்பார்கள். எனக்குக் காரில் ராசி இல்லை. நான் சாய்ந்த சிவப்புக் காருக்குள் அதன் சொந்தக்காரர் படுத்திருந்தார்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்காரர் ஒருவரும் நானும் கமெராவோடு நகரின் நடுப்பகுதிக்குப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு பெரிய கல் மாளிகையின் முகப்பில் ஒதுங்கினோம். எந்தக் காலத்திலோ ஒரு பிரபு கட்டிய வீடு. உருண்ட தூண்கள், பித்தளைக் கைபிடி போட்ட கதவு, கதவு பாதி திறந்தபடி. உள்ளே ஓவியங்கள் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சின்னப் பலகை சொன்னது. நான் அந்தப் பலகையை மறைத்துக்கொண்டு நின்றேன். வேண்டுமென்று நிற்கவில்லை, அங்கேதான் நனையாமல் நிற்க முடிந்தது. கையில் ஒரு திறப்புக் கோர்வை, ஏழெட்டுச் சாவி. பின்னேரம், நான் வேலை செய்த பெற்றோல் ஷெட்டின் களஞ்சிய அறையை நான்தான் திறக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து அறைக்காரர் கமெராவை அமத்திவிட்டார்.

படத்தில் நான் சாம்பல் கோட்டோடு தூண்களுக்கு நடுவில் திறப்புக் கோர்வையும் கையுமாக நின்றேன். பின்னால் கதவு திறந்திருந்தது.

கூடவே அம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை என்று இப்போதும் சத்தியம் செய்வேன். நாங்கள் இருக்கிற வீட்டில் பதினொரு பேர் இருக்கிறோம், இடம் காணும் என்று எழுதினேன். சமையலுக்கு ஆள் இருக்கிறது என்று எழுதினேன்; முறைவைத்து ஆள் இருந்ததுதானே. குளிருக்கு ஏழு பேர் ஒரே அறையில் படுக்கிறோம் என்பதை மட்டும், அம்மா கவலைப்படுவா என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் பதில் மூன்று கிழமையில் வந்தது. "மகன், வீடு கண்டு சந்தோசம். இவ்வளவு பெரிய வீட்டை ஆர் கூட்டித் துடைக்கிறது?"

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உடனே மறுத்து எழுதியிருக்கவேண்டும். எழுதத்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கிழமை எனக்கு இரட்டை ஷிப்ட். அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று வைத்தேன். அடுத்த கடிதத்தை அம்மா முந்திக்கொண்டா: வசந்திக்குக் கலியாணம் பேசியாயிற்று.

கலியாணப் பேச்சுக்காரர் என் படத்தை இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். எங்கள் ஊரான கோகுலாயில் எங்களுக்கு மூன்று பரப்புக் காணியும் இரண்டு அறை வீடும்தான். மாப்பிள்ளையின் தகப்பன் அருளம்பலம், ஓய்வுபெற்ற அரசாங்க நில அளவையாளர். ஊரில் எல்லோருக்கும் அவர் சேவயர் ஐயா. வலிகாமம் வடக்கில், கடற்கரைப் பக்கமாக, தானே கீறித் தானே நின்று கட்டின கல் வீடு அவருக்கு இருந்தது. அந்த மனிதர் என் படத்தை வாங்கி, பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்து, முகப்பில் முப்பத்தாறு யன்னல் என்று எண்ணிச் சொன்னாராம். "கல்லுக் கட்டடம். அத்திவாரம் நல்லாப் போட்டிருக்கு," என்றாராம். அத்தோடு கலியாணம் சரி.

கலியாணம் முடிந்த பிறகாவது உண்மையைச் சொல்லலாம் என்று வசந்திக்கு ரகசியமாக எழுதினேன். அவள் பதில் மூன்றே வரி:

"அண்ணை, இனி வாயைத் திறக்காதேங்கோ. மாமி வாறவை போறவைக்கெல்லாம் அந்தப் படத்தைத்தான் காட்டுறா. இஞ்ச எனக்கிருக்கிற மரியாதையே அந்த யன்னலுகள்தான்."

முப்பத்தாறு யன்னலையும் மூடிக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

3

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொண்ணூறில் இராணுவ முகாம் அகண்டுகொண்டு போனது. சேவயர் ஐயாவின் வீடு முகாமுக்குள் போய்விட்டது. அவர்கள் உடுத்த உடுப்போடு இறங்கி வந்து, கோகுலாயில் எங்கள் இரண்டு அறை வீட்டில் வசந்தியோடு இருந்தார்கள்.

தொண்ணூற்றிரண்டில் சேவயர் ஐயா கனடாவில் இருக்கும் மூத்த மகனிடம் போகிற வழியில், பத்து நாள் எங்களோடு தங்குவதாக ஏற்பாடு. நான் அப்போது கலியாணம் முடித்து, மனோர் பார்க்கிலேயே ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தேன். மனைவி ராஜினி, நான்கு வயதுக் கஜன், நான்.

அவருக்கு விசா கிடைக்க நான் ஸ்பொன்சர் கடிதம் எழுதவேண்டும். எத்தனை அறை, எத்தனை பேர், எவ்வளவு சம்பளம் என்று நுணுக்கமாகக் கேட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களில் அநேகமானோர் அரசாங்கத்துக்கு ஒன்றைச் சொல்லி, உறவினருக்கு உள்ளதைச் சொல்லுவார்கள். எனக்கு எல்லாம் மாறித்தான் நடக்கும். அரசாங்கத்துக்கு இரண்டு அறை என்று உண்மையை எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதன் பிரதி ஒன்று விசா விண்ணப்பத்தோடு அவருக்கும் போகும் என்பதை மறந்துவிட்டேன்.

ஹீத்ரோவில் வந்து இறங்கினார். உத்தியோக காலத்து சூட், தலையில் கம்பளிக் குல்லா, கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. சூட்கேசை என்னிடம் தந்தார். பையைத் தரவில்லை. அதற்குள் அவருடைய வீட்டு உறுதிப் பத்திரமும், அவரே கீறிய வரைபடமும் இருந்தன. சாப்பிடும்போது மடியிலும் படுக்கும்போது தலைமாட்டிலும் அந்தப் பை இருந்தது.

முதல் நாள் பின்னேரம். ராஜினி இடியப்பம் அவித்துச் சொதி வைத்திருந்தாள். அவர் நான்கு இடியப்பம் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு பொருளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று என் ஸ்பொன்சர் கடிதம். மற்றது என் படம்.

"தம்பி, கடிதத்தில ரெண்டு அறை எண்டு கிடக்கு. படத்தில முப்பத்தாறு யன்னல் கிடக்கு. எங்கயோ அளவு பிழைக்குது."

அடுப்படியில் ராஜினியின் அகப்பை நின்றுபோனது எனக்குக் கேட்டது.

அந்த நேரம் என் கண்முன் வந்து நின்றது வசந்திதான். உண்மையைச் சொன்னால், கதை இந்த மனிதரின் கடிதத்தில் ஊருக்குப் போகும். மாமி இனி அந்தப் படத்தை ஒருவருக்கும் காட்டமாட்டா. பிறகு வசந்தி அவவின் முகத்தில் எப்படி முழிப்பாள்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அந்த வீட்டை அரசாங்கம் எடுத்திட்டுது, மாமா."

வேறு நாட்டுக்காரர் என்றால் நம்பியிருக்கமாட்டார். சேவயர் ஐயா ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"எப்ப?"

"ஒரு... ரெண்டு வருசம்."

"எங்களுக்கும் ரெண்டு வருசம்தான். சாமான் எடுக்க நேரம் தந்தவங்களோ?"

"இல்லை, மாமா."

"தரமாட்டாங்கள். ஆமியோ?"

"ஆமி இல்லை. படம் மாட்டுறவங்கள். ஓவியங்கள்."

"ஆமியைவிட அது பறவாயில்லை," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தம்பி எங்களுக்கு எழுதேல்லை? எங்கட கவலையோட இதையும் ஏன் சேர்ப்பான் எண்டு விட்டனீரோ?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் நல்லது என்றிருந்தது.

அடுப்படிக்குப் போனேன். ராஜினி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, நாளைக்கு அவர் மகாராணியின்ர மாளிகையைப் பார்க்கவேணும் எண்டு கேப்பார். அதையும் எங்களிட்டையிருந்துதான் எடுத்தவை எண்டு சொல்லிவிடுங்கோ."

அவர் மகாராணியின் மாளிகையைக் கேட்கவில்லை. "நாளைக்கு உம்மட வீட்டைப் போய்ப் பாப்பம். அப்பிடியே விடேலாது," என்றார். அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் சார்பில் 'பொறுப்பதிகாரி அவர்கட்கு' என்று ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினார். தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் கொண்டுவருவது யாதெனில் என்று தொடங்கி மூன்று பக்கம். கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி. சாட்சி என்ற இடத்தில் தானே கையெழுத்தும் வைத்தார்.

4

அடுத்த நாள் காலை ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். ரயில் யன்னலால் வரிசை வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "எல்லாம் ஒரே சுவரில ஒட்டிக் கிடக்கு. வேலிச் சண்டை வராதோ?" என்றார். வேலி இல்லாத இடத்தில் எங்கள் ஆட்கள் எதற்காகச் சண்டை பிடிப்பது என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

மாளிகைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நிறுத்தினார். பையிலிருந்து என் படத்தை எடுத்து, தூக்கிப் பிடித்து ஒப்பிட்டார். பிறகு விரலை நீட்டி எண்ணினார்.

"முப்பத்தாறு. சரி."

வாசலில் குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். "வீட்டுக்காரர் நீர். முதல் வாரும். வலது காலை வையும்." நான் வலது காலை வைத்து, ஏழு வருடத்துக்கு முன்பு மழைக்கு ஒதுங்கிய அந்த வாசலைத் தாண்டினேன். அன்றுதான் நானும் முதல் தடவையாக உள்ளே போகிறேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

உள்ளே மேசையில் ஒரு பெண் இருந்து நுழைவுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சொந்த வீட்டுக்குள்ள போக ரிக்கற்றோ?" என்றார் சேவயர் ஐயா, நல்ல காலமாகத் தமிழில்.

"சட்டம், மாமா."

"பறவாயில்லை. காசு குடுத்தெண்டாலும் உள்ளுக்கு விடுறாங்கள். முகாமுக்குள்ள எங்கட வீட்டைப் பாக்க நாங்கள் பாஸ் கேட்டு எழுதின கடுதாசி ஒண்டுக்கும் மறுமொழியே இல்லை." அந்தப் பெண்ணிடம் தன் இலங்கை ஓய்வூதிய அட்டையை நீட்டினார். அவள் அதைக் கவிழ்த்து நிமிர்த்திப் பார்த்து, சிரித்து, முதியோர் கட்டணம் போட்டாள். பையை வைத்துவிட்டுப் போகச் சொன்னபோது மட்டும் அவர் முகம் மாறியது. வீட்டுப் பத்திரம் உள்ளே இருக்கிறது என்று நான் சொன்னேன். சரி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போகட்டும் என்று விட்டார்கள். அப்படியே பிடித்துக்கொண்டு போனார்.

இதுதான் என் வாழ்நாளில் நான் பார்த்த முதல் ஓவியக் கூடம். உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு படங்களைப் பார்த்தார்கள். சேவயர் ஐயா படங்களைப் பார்க்கவில்லை. முகட்டைப் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார். ஒவ்வொரு அறையையும் அடி வைத்து அளந்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். ஒரு சுவரை முட்டியால் தட்டிப் பார்த்தபோது, அறையில் நின்ற காவலர், வயதான மேற்கிந்தியர் ஒருவர், நடந்து வந்து, சுவரைத் தொடவேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார்.

"உம்மட சுவரை என்னைத் தொட வேண்டாமாம்," என்றார் எனக்கு. கோபம் இல்லை. ஏதோ யோசித்தபடி அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது அறையில்தான் அவருக்குப் படங்கள் கண்ணில் பட்டன. பிரெஞ்சுக்காரர் வெளியில் நின்று வெயிலையும் தண்ணீரையும் தீட்டிய படங்கள். ஆறு, தோணி, குடை பிடித்த பெண், பனி விழுந்த தெரு. எல்லாம் சின்னச் சின்ன அப்பலாக, தூரிகையை ஒற்றி ஒற்றி எடுத்த மாதிரி. கிட்டப் போய் மூக்கு முட்டப் பார்த்தார்.

"எல்லை ஒண்டும் கீறேல்லை. றோட்டு எது, வேலி எது, தண்ணி எது எண்டு தெரியேல்லை. இவன் என்ர நில அளவைக் கந்தோரில இருந்திருந்தால் ஒரு கிழமை வைச்சிருக்கமாட்டன்."

பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். பையைத் திறந்து மனுவை எடுத்தார். "சரி, கீழ்மாடி அளந்தாச்சு. பொறுப்பதிகாரி எந்த அறை? கதைப்பம்."

அவர் கால் அந்தக் காவலரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. மூன்று பக்க மனு, கார்பன் பிரதி, சாட்சிக் கையெழுத்து. இன்னும் பத்தடி போனால் இந்த மனிதர், அறுபத்தெட்டு வயதில், ஒரு கூடம் நிறைந்த வெள்ளைக்காரருக்கு முன்னால் என் பொய்யைத் தன் நல்ல ஆங்கிலத்தில் வாசித்து அவமானப்படுவார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, அறையின் நடுவில் இருந்த நீட்டு வாங்கில் இருத்தினேன்.

5

"மாமா, இது என்ர வீடில்லை."

"தெரியும், எடுத்திட்டாங்கள்தானே."

"எடுக்கேல்லை, மாமா. எப்பவும் என்ர வீடில்லை. அண்டைக்கு மழைக்கு ஒதுங்கினனான். கையில இருந்தது பெற்றோல் ஷெட் திறப்பு. கோட்டும் என்ரயில்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு பேரையும் சிவப்புக் காரையும்கூடச் சொன்னேன். சொல்லிவிட்டு, "என்னை என்ன வேணுமெண்டாலும் பேசுங்கோ. வசந்தியை மட்டும் ஒண்டும் சொல்லாதேங்கோ. அவள் ஒரு பாவமும் அறியாள்," என்றேன். அதில் இரண்டாவது பாதி பொய். பழக்கதோசம்.

சேவயர் ஐயா என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய படம் இல்லை. எழுந்து கிட்டப் போனார். காவலர் திரும்ப வந்தார். "இன்னும் கொஞ்சம் பின்னால் வாருங்கள், ஐயா. நாலு அடி. அப்போதுதான் தெரியும்," என்றார். சேவயர் ஐயா அளவாக நாலு அடி பின்னால் வைத்தார்.

அப்போது எனக்கும் தெரிந்தது. மரங்களுக்குப் பின்னால் ஒரு வீடு. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, பக்கத்தில் ஒரு கிணறோ தொட்டியோ. வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"இந்த வீடு இப்பவும் இருக்குதோ எண்டு அவரிட்டைக் கேளும்," என்றார்.

கேட்டேன். காவலர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஏதோ ஒரு போரில் போய்விட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள், இப்போது இந்தப் படம்தான் மிச்சம் என்றார்.

சேவயர் ஐயா வந்து வாங்கில் இருந்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"முகாமுக்குள்ள தண்ணி பவுசர் வண்டி ஓடுற ஒருத்தன் வந்து சொன்னவன், தம்பி. என்ர வீடு இல்லை. இடிச்சுத் துப்பரவாக்கியாச்சாம். கிணத்துக் கட்டு மட்டும் தெரியுதாம்."

"மாமிக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆமிப் பெரியவன் ஒருத்தன் குடியிருக்கிறான், வெள்ளையடிச்சு வடிவா வைச்சிருக்கிறான் எண்டு சொல்லியிருக்கிறன். அவ வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வீட்டுத் திறப்பை எண்ணெய் போட்டுத் துடைக்கிறா."

"அப்ப இந்த உறுதி?"

"காணி கிடக்குத்தானே. காணியை ஒருத்தராலும் இடிக்கேலாது."

யாரோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியை பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். சேவயர் ஐயா மனுவை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"வைச்சிரும். ஒரு நாளைக்கு உமக்கெண்டு வீடு வந்தால் தேவைப்படும்." பிறகு என் முழங்காலில் தட்டினார். "பொய்யோ மெய்யோ, தம்பி, உம்மட வீடு நிக்குது. எழும்பும். ரிக்கற் எடுத்தாச்சு, மேல்மாடியையும் பாப்பம்."

மேல்மாடியிலும் அவர் குறிப்பெடுப்பதை விடவில்லை. நிலத்தை எத்தனை நாளைக்கு ஒருக்கால் மினுக்குவது என்று காவலரிடம் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு நாளும் என்றார் காவலர். எழுதிக்கொண்டார். பித்தளைக் கைபிடிகளை? கிழமைக்கு இரண்டு தரம். அதையும் எழுதிக்கொண்டார். வீடு என்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் இந்த மனிதர் எதற்காக இதையெல்லாம் எழுதுகிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.

கனடாவில் அவர் ஒரு வருடம்தான் இருந்தார். வரைபடத்தில் நேர்கோடு போட்ட மாதிரித் தெருக்கள், அளக்கிறதுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். என் வீட்டுக் கதையை அவர் ஊரில் அவிழ்த்துவிடவில்லை என்பதை, வசந்தியின் கடிதங்களில் மரியாதை குறையாததிலிருந்து தெரிந்துகொண்டேன். இப்போது எல்லோரும் கொழும்பில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

6

எனக்கு இப்போது மனோர் பார்க்கில் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. கடன் தந்த வங்கிக்காரர் தங்கள் பாதியை எனக்குத் தரும்போது எனக்குத் தலை நரைத்து முடிந்திருக்கும். யன்னல் ஐந்து. அதில் ஒன்று திறபடாது. இந்த வீட்டின் படம் ஒன்றும் ஊருக்குப் போகவில்லை. முப்பத்தாறைக் காட்டியவன் ஐந்தை எப்படிக் காட்டுவது?

துளசியின் கடிதத்தின் மிச்சப் பக்கத்தை இப்போது சொல்கிறேன். சேவயர் ஐயா அவளுக்கு அப்பப்பா, மாமி அப்பம்மா.

"அப்பப்பா சொல்லுறவர், உங்கட வீட்டை அரசாங்கம் எடுத்தாலும் ஒவ்வொரு நாளும் நிலம் மினுக்கிறாங்களாம். கைபிடியைக் கிழமைக்கு ரெண்டு தரம் துடைக்கிறாங்களாம். சுவரைத் தொடக்கூட விடமாட்டாங்களாம். அரசாங்கம் எடுத்தால் அப்பிடித்தானாம், எங்கட வீட்டையும் அப்பிடித்தான் வைச்சிருப்பாங்களாம். அப்பம்மாவுக்கு இப்ப சுகமில்லை, படுக்கையில இருக்கிறா. அப்பப்பா சொல்லுறது மெய்யோ எண்டு உங்களிட்டைக் கேட்டு எழுதச் சொல்லுறா."

அந்தக் குறிப்புப் புத்தகம் எதற்கென்று ஐந்து வருடம் கழித்து எனக்கு விளங்கியது. வீட்டில் இருந்தபடியே அழுதேன் என்று எழுதலாம். உண்மையில் பஸ்சில் வைத்துத்தான் கடிதத்தை உடைத்தேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று தரிப்பு போய்விட்டேன்.

இதையெல்லாம் கஜனுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். பேனையை எடுத்து, "ஓம், எல்லாம் மெய்" என்று எழுதப் போனேன். கை ஓடவில்லை. பன்னிரண்டு வருடமாக ஓடிய கை.

"அப்பா, பொய் எழுதக்கூடாது," என்றான் கஜன். அவனுடைய ஆசிரியை அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நாங்கள் வளர்த்திருந்தால் இப்படிக் கெட்டுப்போயிருக்கமாட்டான்.

"அப்ப என்னடா எழுதுறது? அவ படுக்கையில கிடந்து கேக்கிறா."

தன் பள்ளிப் பைக்குள் கையை விட்டு, செவ்வாய்க்கிழமை அங்கே வாங்கிய தபாலட்டையை எடுத்தான். மாளிகையின் முகப்புப் படம். முப்பத்தாறு யன்னலும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. நாக்கை வெளியில் நீட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினான். கடைசியில் தன் பெயரை மட்டும் தமிழில் போட்டான், ஜகரத்தைத் திருப்பி. "கீழே நீங்கள் தமிழில எழுதுங்கோ, அப்பா. ஒரு சொல்லும் மாத்தக்கூடாது," என்றான்.

ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன்:

"அன்புள்ள அப்பம்மா, நான் போன செவ்வாய்க்கிழமை போனேன். நிலம் என் முகம் தெரிகிற அளவுக்கு மினுங்குகிறது. ஒவ்வொரு அறையிலும் ஒரு ஆள் நின்று கவனமாகப் பார்த்துக்கொள்கிறார். சுவரைத் தொடவேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஒருவரும் தொடவில்லை."